கத்தி எடுக்காத ரத்தக்குழாய் நிபுணர்

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. நின்றால் சில நிமிடங்களில் வலி அடங்கிவிடுகிறது. திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்பவும் பிடிக்கிறது. இந்தக் குறையோடு வருபவரை யாரிடம் அனுப்புவது? எலும்பு மருத்துவர் முதுகுத்தண்டைச் சந்தேகிப்பார். நரம்பியல் நிபுணர் நரம்பைச் சந்தேகிப்பார். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்து ரத்தக்குழாய் அறுவை நிபுணர். அவர் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு அறுவை தேவையில்லை" என்பார். பெரும்பாலும் அது சரியான பதில்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்த நோயாளியைத் தொடர்ந்து கவனிப்பது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அங்கே வந்து நிற்பவர் ரத்தக்குழாய் மருத்துவர். அமெரிக்காவில் இத்துறைக்கு வாஸ்குலர் மெடிசின் என்று பெயர். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஆஞ்சியாலஜி. இதயத்துக்கு வெளியே உள்ள தமனிகள், சிரைகள், நிணநீர்க் குழாய்கள் எல்லாம் இவர் எல்லைக்குள் வரும். கால் தமனி அடைப்பு, ஆழ்சிரையில் ரத்தம் உறைவது, அந்த உறைகட்டி பெயர்ந்துபோய் நுரையீரலை அடைப்பது, குளிரில் விரல் வெளுக்கும் ரேனாட் நோய், புகைப்பவர்களின் விரலையே தின்றுவிடும் பியூர்கர் நோய், இளம்பெண்களின் பெருந்தமனியைத் தாக்கும் டகாயாசு அழற்சி, வடியாத கால் வீக்கம் என்று பட்டியல் நீளும். இவை ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு துறை பாதி உரிமை கொண்டாடும். முழுப் பொறுப்பை எந்தத் துறையும் ஏற்காது. மருத்துவக் கல்லூரியின் துறை வரைபடத்தில் இது ஒரு புறம்போக்கு. அதில் குடியேறி, பட்டா வாங்க முயன்றவர்களின் கதைதான் இந்தத் துறைப் பேராசிரியர்களின் தொழில் வாழ்க்கை.

இந்தத் துறையினரைத் தனியார் மருத்துவமனைகளைவிடப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில்தான் அதிகம் பார்க்க முடிகிறது. அதற்கான காரணம் படிப்பார்வம் மட்டும் அல்ல, காசும்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மேயோவும் சூரிச்சும்

அமெரிக்காவில் இத்துறையின் வேர் மின்னசோட்டாவின் மேயோ மருத்துவமனையில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய எட்கர் ஆலன், அறுவை சாராத உள்மருத்துவம் படித்தவர். மணிக்கட்டுத் தமனிகளை விரலால் அழுத்தி, கையை மூடித் திறக்கவைத்து, உள்ளங்கைக்கு ரத்தம் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று பார்க்கும் சோதனையை 1929-இல் எழுதினார். பியூர்கர் நோயில் கைத் தமனிகள் அடைபட்டிருக்கின்றனவா என்று அறிய அவர் கண்ட வழி அது. இன்று மணிக்கட்டுத் தமனியில் ஊசி ஏற்றுமுன் தீவிர சிகிச்சைப் பிரிவில் பலரும் செய்வது அதே சோதனையின் மாற்று வடிவம். பியூர்கர் பெயர் அதில் யாருக்கும் நினைவில்லை. ஆலன், பார்க்கர், ஹைன்ஸ் மூவரும் சேர்ந்து 1946-இல் வெளியிட்ட பாடநூல்தான் அமெரிக்காவில் 'இது தனியாகப் படிக்கவேண்டிய விஷயம்' என்ற எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது.

ஐரோப்பாவில் கதை வேறு. ஜெர்மனியில் மாக்ஸ் ராட்ஷோ போன்றவர்கள் ஆஞ்சியாலஜிக்கென்றே மருத்துவமனை நடத்தினார்கள். டார்ம்ஸ்டாட்டில் இருந்த அந்த மருத்துவமனையில் பயின்ற இளைஞர்களில் ஒருவர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக். பிறகு சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆஞ்சியாலஜி பிரிவுக்குப் போனார். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் 1964 ஜனவரி 16 அன்று, தன் காலைத் துண்டிக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்ணின் தொடைத் தமனியைக் குழாய் செருகியே விரித்துக் காட்டியிருந்தார். அமெரிக்காவில் அதைப் பெரிதாக மதிக்காத காலத்தில் குரூன்ட்சிக் அதைப் பிடித்துக்கொண்டார். சமையலறை மேஜையில் பலூன் குழாய்களை ஒட்டி ஒட்டிச் செய்து பார்த்து, 1974-இல் கால் தமனியில் பயன்படுத்தி, 1977 செப்டம்பர் 16 அன்று இதயத் தமனிக்குள் கொண்டுபோனார்.

இதய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். சரிதான். ஆனால் அவர் அந்தப் பலூனைப் பழகியது காலில். இதயவியல் அந்தக் கண்டுபிடிப்பைத் தனதாக்கிக்கொண்டு பெருந்துறையாக வளர்ந்தது. பிறந்த வீடான ஆஞ்சியாலஜி சிறு துறையாகவே நின்றது. இத்துறையின் வரலாற்றில் இது ஒருமுறை மட்டும் நடந்ததல்ல. செய்முறையாக மாறக்கூடியது எதுவோ அதை வேறு துறை எடுத்துக்கொண்டுபோகும். மிச்சமிருக்கும் சிந்தனை வேலை இவர்களிடம் தங்கும்.

எப்படி உருவாகிறார்

அமெரிக்கப் பாதையில் மருத்துவப் பட்டத்துக்குப் பின் 3 ஆண்டு உள்மருத்துவப் பயிற்சி. அதற்கு மேல் சிலர் இதயவியல் ஃபெலோஷிப் முடித்துவிட்டு ரத்தக்குழாய் மருத்துவத்தில் ஓராண்டு கூடுதலாகச் செலவிடுவார்கள். சிலர் உள்மருத்துவத்திலிருந்து நேராக வருவார்கள். 1989-இல் இத்துறைக்கென ஒரு சங்கம் உருவானது. 2005 வாக்கில் தனித் தேர்வு வாரியம் வந்தது. ஆனால் அந்த வாரியம் இதயவியல், சிறுநீரகவியல் போன்றவற்றுக்குச் சான்றளிக்கும் பெரிய வாரியக் குடைக்கு வெளியே நிற்பது. சான்றிதழ் உண்டு, பெரிய துறைகளுக்கு உள்ள முழு அங்கீகாரம் இல்லை.

ஜெர்மனியில் உள்மருத்துவத்தோடு சேர்த்து ஆஞ்சியாலஜியில் சிறப்புப் பட்டம் பெறலாம். சுவிட்சர்லாந்தில் அது தனித் துறை. பிரான்சில் 2017-இல் நடந்த பயிற்சிச் சீர்திருத்தத்தோடு ரத்தக்குழாய் மருத்துவத்துக்குத் தனிப் பயிற்சித் தடம் கிடைத்தது. ஆகவே ஒரே வேலையைச் செய்யும் இருவர், ஒருவர் முழுத் துறைத் தலைவராகவும் இன்னொருவர் இதயவியல் துறையின் ஓரத்தில் ஒரு சிறு பிரிவின் தலைவராகவும் இருக்கலாம். திறமையைவிட நாட்டின் விதிமுறைதான் அதைத் தீர்மானிக்கிறது.

வாரத்தில் என்ன செய்கிறார் என்று பார்த்தால் மூன்று இடங்கள். புறநோயாளிப் பிரிவு, உள்நோயாளிகளைப் பார்க்க மற்ற துறைகள் அழைக்கும் ஆலோசனை, ரத்தக்குழாய் ஆய்வகம். மூன்றாவதுதான் இவருடைய கோட்டை. ரத்தம் ஓடுவதைப் படமாகக் காட்டும் டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்ட், காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளப்பது, ட்ரெட்மில் சோதனை எல்லாம் அங்கே நடக்கும். தொழில்நுட்பர் எடுத்த படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது மருத்துவர் வேலை.

அதில் மிக எளிய சோதனை கணுக்கால்-கை அழுத்த விகிதம். கணுக்காலில் அளந்த அழுத்தத்தைக் கையில் அளந்த அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.90 அல்லது அதற்குக் கீழ் வந்தால் கால் தமனியில் அடைப்பு உண்டு. 1.40-க்கு மேல் போனால் தமனிச் சுவரில் சுண்ணம் படிந்து, பட்டையால் அழுத்தினாலும் அமுங்காத நிலை. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி காண்பது. தேவைப்படுவது ஒரு பட்டையும் ஒரு சிறிய டாப்ளர் கருவியும்தான்.

இந்த எண்ணின் எடை எவ்வளவு என்று காட்டியவர் கலிஃபோர்னியாவின் மைக்கேல் கிரீக்கி. அவர் குழு சான் டியேகோவில் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வின்படி, காலின் பெரிய தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு. கால் வலிக்கிறது என்று வந்தவரின் உயிரை எடுக்கப்போவது பெரும்பாலும் மாரடைப்போ பக்கவாதமோதான். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மேரி மெக்டெர்மாட் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்: கால் தமனி அடைப்பு உள்ளவர்களில் பெரும்பகுதியினருக்குப் பாடநூலில் சொல்லும் அந்தக் கெண்டைக்கால் வலியே வருவதில்லை. வேறு மாதிரி வலிக்கும், அல்லது வலி வராத அளவுக்கு நடையைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள். 2010-இல் உலகம் முழுக்க இந்நோய் உள்ளவர்கள் 20 கோடிப் பேர் என்று ஒரு கணக்கீடு சொல்கிறது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள்.

பேராசிரியர் ஆவதற்கான ஆய்வு

பல்கலைக்கழக மருத்துவர் என்றால் நோயாளியைப் பார்ப்பதோடு முடிவதில்லை. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த சில ஆண்டுகளில் தனக்கென ஓர் ஆய்வுக் களத்தைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்குத் தரும் நிதியுதவியின் நிபந்தனை, வேலை நேரத்தில் 75 விழுக்காட்டை ஆய்வுக்கு ஒதுக்கவேண்டும் என்பது. 3 முதல் 5 ஆண்டு வரை அந்தப் பாதுகாப்பு இருக்கும். அதற்குள் சுயமாகப் பெரிய நிதி பெற்றால் ஆய்வாளர். இல்லாவிட்டால் முழுநேர மருத்துவராக மாறி, மாலையில் கட்டுரை எழுதப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

1980-களிலும் 90-களிலும் இத்துறையில் பெயரெடுக்க நல்ல களம் ரத்தக்குழாயின் உள்படலம். 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட், ரத்தக்குழாய் தளர்வதற்கு அந்த ஒற்றை அடுக்குச் செல்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கின்றன என்று காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெளிவானது. 1998-இல் அவருக்கும் இக்னாரோ, முராட் இருவருக்கும் நோபல் பரிசு. முயலின் தமனியில் கண்டதை உயிருள்ள மனிதனிடம் எப்படிக் காண்பது? முன்கையின் ரத்த ஓட்டத்தை அளந்து, மருந்து கொடுத்து, திரும்ப அளக்கும் நுட்பம் ரத்தக்குழாய் மருத்துவர்களின் கையில் இருந்தது. பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் விக்டர் சாவ், மார்க் கிரேகர், ஜான் குக் போன்றவர்கள் ஒன்றுசேர்ந்தது இந்தக் காலத்தில்தான். கொழுப்பு அதிகமுள்ளவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் தமனி அடைபடுவதற்கு வெகுமுன்பே உள்படலம் பழுதாகிவிடுகிறது என்று அந்தக் குழுவினர் காட்டினார்கள்.

அந்தத் தலைமுறை பின்னால் எங்கே போனது என்று பார்ப்பது பயனுள்ளது. சாவ் 2014-இல் அமெரிக்க தேசிய மருத்துவ அகாதெமியின் தலைவரானார். கிரேகர் 2015-16-இல் அமெரிக்க இதயச் சங்கத்துக்குத் தலைவர். சாவுடன் ரத்தக்குழாய் உயிரியலில் பணியாற்றிய கேரி கிப்பன்ஸ் 2012-இல் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். எந்தத் துறைக்கும் முழுதாகச் சொந்தமில்லாத ஒன்றை வளர்க்க, இதயவியல், அறுவை, ரத்தவியல், கதிரியக்கம் எல்லோரிடமும் பேசிப் பேசி ஒப்புக்கொள்ளவைக்க வேண்டியிருந்தது. நிர்வாகத்துக்கு அதைவிடப் பயிற்சி வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ரத்த உறைவில் கதை இன்னும் பழையது. 1960-இல் பிரிஸ்டலில் பேரிட், ஜோர்டன் இருவரும் நுரையீரல் ரத்த அடைப்பு உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். உறைவெதிர்ப்பு மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அடைப்பால் இறந்தார்கள். மருந்து பெற்ற 16 பேரில் ஒருவரும் அதனால் இறக்கவில்லை. அத்தோடு மருந்து கொடுக்காமல் விடுவதை நிறுத்திவிட்டார்கள். 35 பேரை வைத்துச் செய்த அந்த ஆய்வின் மேல்தான் அடுத்த அரை நூற்றாண்டுச் சிகிச்சை நின்றது. இன்று அந்த அளவு ஆய்வை எந்த இதழும் திரும்பிப் பார்க்காது.

பிறகு வந்தவர்கள் அதைச் செதுக்கினார்கள். யாருக்கு உறைவு இருக்கக்கூடும் என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறையை ஒட்டாவாவின் பிலிப் வெல்ஸ் 90-களில் உருவாக்கினார். 1996-இல் வெளியான இரு ஆய்வுகள், ஆழ்சிரை உறைவு வந்தவர் மருத்துவமனையில் சொட்டுமருந்தோடு படுத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று நிறுவின. பிரிகாமில் சாமுவேல் கோல்ட்ஹேபரின் குழுவில் இருந்த நில்ஸ் கூக்கர் 2005-இல் வெளியிட்டது வேறு வகை. உறைவு அபாயமுள்ள நோயாளிக்குத் தடுப்பு மருந்து எழுதப்படவில்லை என்றால் கணினி மருத்துவருக்கு எச்சரிக்கை அனுப்பும். அவ்வளவுதான். புதிய மருந்து இல்லை, கருவி இல்லை. 90 நாட்களில் உறைவு 8.2 விழுக்காட்டிலிருந்து 4.9-ஆகக் குறைந்தது. கூக்கர் பின்னாளில் குரூன்ட்சிக் இருந்த அதே சூரிச்சில் ஆஞ்சியாலஜிக்குத் தலைமை ஏற்றார்.

வேண்டாம் என்று சொல்வது

இத்துறை ஆதாரங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை, செய்யத் தேவையில்லாததைச் செய்யவேண்டாம் என்று காட்டிய ஆய்வுகள். சிறுநீரகத் தமனி சுருங்கியவர்களுக்கு, குழாயைத் திறந்தபடி தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பது ஒருகாலத்தில் மளமளவென்று பரவியது. படத்தில் அடைப்பு தெரிகிறது, திறந்தால் நல்லதுதானே என்ற வாதம். கோரல் ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது: நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டும் சேர்த்ததால் மரணமோ மாரடைப்போ சிறுநீரகச் செயலிழப்போ குறையவில்லை. 2017-இல் அட்ராக்ட் ஆய்வு, ஆழ்சிரை உறைகட்டியைக் குழாய் செருகிக் கரைப்பதால் பின்னாளில் வரும் கால் வீக்கமும் புண்ணும் ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை என்றது.

2012-இன் க்ளெவர் ஆய்வு இன்னும் சுவையானது. இடுப்பு மட்டத்தில் தமனி அடைபட்டு நடக்கச் சிரமப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்டென்ட், ஒரு பகுதியினருக்குக் கண்காணிப்போடு ட்ரெட்மில் நடைப்பயிற்சி, மீதிப்பேருக்கு மருந்து மட்டும். 6 மாதம் கழித்து நடக்கும் நேரம் பயிற்சி பெற்றவர்களுக்கு 5.8 நிமிடம் கூடியது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3.7, மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 1.2. ஆனால் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டபோது ஸ்டென்ட் வைத்தவர்கள்தான் கூடுதல் திருப்தி தெரிவித்தார்கள். இந்த முரணை மறைக்காமல் நோயாளியிடம் சொல்லி முடிவெடுக்கவைப்பது பல்கலைக்கழக மருத்துவரின் வேலை.

இங்கேதான் காசு விஷயம். அமெரிக்காவில் 1992 முதல் மருத்துவரின் ஒவ்வொரு வேலைக்கும் அலகு போட்டுப் பணம் தரும் முறை நடப்பில் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தால் அலகு அதிகம். அரைமணி நேரம் உட்கார்ந்து புகையை நிறுத்தச் சொல்லி, நடைப்பயிற்சியை விளக்கி, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று எடைபோட்டுச் சொன்னால் அலகு குறைவு. கண்காணிப்பு நடைப்பயிற்சிக்கு அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தர ஆரம்பித்ததே 2017-இல்தான்: 12 வாரத்தில் 36 அமர்வு. ஆதாரம் வந்து எத்தனையோ ஆண்டு கழித்து. ஆகவே வெட்டாமல், குழாய் செருகாமல் பிழைக்கும் ரத்தக்குழாய் மருத்துவருக்குத் தனியார் சந்தையில் இடம் குறைவு. ஆய்வகக் கட்டணமும் ஆய்வு நிதியும் பல்கலைக்கழகச் சம்பளமும் சேர்ந்துதான் அவரைத் தாங்குகின்றன. சிலர் தாங்களே குழாய் செருகவும் பழகிக்கொள்வார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லும் நாக்கு அப்போதும் அதே சுதந்திரத்தோடு இருக்குமா என்ற சந்தேகம் நியாயமானது.

மருந்து ஆய்வுகளிலும் இதே கேள்வி எழும். காலில் ரத்த ஓட்டத்தைச் சீர்செய்தவர்களுக்குக் ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்சபான் மருந்தைக் குறைந்த அளவில் தருவதை 6564 பேரிடம் சோதித்த வாயேஜர் ஆய்வுக்கு மார்க் பொனாகா தலைமை தாங்கினார். நிதி தந்தவை மருந்து நிறுவனங்கள். 3 ஆண்டில் கால் இழப்பு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சேர்ந்த விகிதம் 19.9-இலிருந்து 17.3 விழுக்காடாகக் குறைந்தது. ரத்தக்கசிவு சற்றுக் கூடியது. நிறுவனப் பணம் இல்லாமல் இந்த அளவு ஆய்வு நடக்காது. இருந்ததால் ஆய்வே பொய் என்பதும் இல்லை. எதைச் சோதிக்கலாம் என்பதை அந்தப் பணம் தீர்மானிக்கிறது, அதுதான் கவனிக்கவேண்டியது. நடைப்பயிற்சிக்குக் காப்புரிமை கிடையாது.

அரிய நோய்களுக்கு அந்தப் பணமும் வராது. தமனிச் சுவர் மணிமாலை போல முடிச்சுவிட்டுப்போகும் ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்ப்ளேசியாவை 1938-இலேயே ஒரு சிறுவனிடம் கண்டு எழுதியிருந்தார்கள். அதன் பின் பல பத்தாண்டுகள் அங்கொன்று இங்கொன்றாகக் கட்டுரைகள் மட்டும். ஜெஃப்ரி ஓலின், ஹெதர் கோர்னிக் போன்றவர்கள் மையம் மையமாக நோயாளிகளைப் பதிவேட்டில் சேர்த்தார்கள். 2012-இல் முதல் 447 பேரின் விவரம் வந்தபோது, 91 விழுக்காட்டினர் பெண்கள், நோய் கண்டறிந்த சராசரி வயது 52-ஐ ஒட்டியது என்று தெளிவானது. சிறுநீரகத் தமனியில் மட்டும் வருவது என்று நினைத்த நோய் கழுத்துத் தமனியிலும் சரிக்குச் சரி இருந்தது. பதிவேடு நடத்துவது பேருக்கும் புகழுக்கும் உரிய வேலை அல்ல. படிவம் நிரப்புவது, தொலைபேசியில் கூப்பிடுவது, பத்து வருஷம் காத்திருப்பது. ஆனால் தலைசுற்றலும் காதுக்குள் இரைச்சலுமாக வரும் பெண்ணிடம் 'மன உளைச்சல்' என்று சொல்லி அனுப்பாமல் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைக்கச் சொல்லும் அறிவு அங்கிருந்துதான் வந்தது.

நடுவயது தாண்டிய பேராசிரியரின் நாள்காட்டியில் குழுக் கூட்டங்கள் பெருகும். நுரையீரல் ரத்த அடைப்பு முற்றிய நோயாளி வந்தவுடன் இதயவியல், அறுவை, கதிரியக்கம், தீவிர சிகிச்சை எல்லோரும் ஒரே அழைப்பில் பேசி முடிவெடுக்கும் அணியை மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2012-இல் தொடங்கியது. இன்று அத்தகைய அணிகள் பல நாடுகளில் உண்டு. சிகிச்சை வழிகாட்டி எழுதுவது இன்னொன்று. கால் தமனி நோய்க்கான 2024-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கோர்னிக். கண்காணிப்பு நடைப்பயிற்சிக்கும், ஆஸ்பிரினோடு குறைந்த அளவு ரிவராக்சபானுக்கும் அதில் உயர்ந்தபட்சப் பரிந்துரை கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டே, சர்க்கரை நோய்க்குத் தரும் செமாக்ளுடைடு ஊசி, சர்க்கரை நோயும் கால் தமனி நோயும் சேர்ந்தவர்களின் நடைதூரத்தை 13 விழுக்காடு அளவுக்குக் கூட்டுகிறது என்று பொனாகாவின் இன்னொரு ஆய்வு வந்தது. அடுத்த வழிகாட்டிக்கான விவாதம் தொடங்கிவிட்டது.